ஸ்ட்ரோக் வந்த கைக்கு மாட்டுற 'ரோபோ க்ளவுஸ்': அப்பாவுக்கு வாங்கினோம், காசுக்கு தகுமா?

முதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணு. கை இறுகி மடங்கியே கிடக்குது, தினமும் உட்கார்ந்து நீட்டி விட வீட்டுல ஆள் பத்தல, அதுக்கு ஒரு ஒத்தாசை வேணும்னா வாங்கலாம். இதை மாட்டினா கை திரும்ப வந்துடும்னு நெனச்சு வாங்கறதா இருந்தா வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல பிசியோ ஒருத்தரை கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வர வெச்சுக்கோங்க. கொஞ்சம் நீளமா தான் எழுதப் போறேன், ஏன்னா நான் தேடினப்ப தமிழ்ல விக்கிறவங்க போடற வீடியோ தவிர ஒண்ணுமே கண்ணுல படல, அதுலயும் ஒருத்தர் க்ளவுஸ மாட்டுவாரு, விரல் விரியும், பின்னாடி ஒரு சோக மியூசிக், அடுத்த சீன்ல அவரே காபி டம்ளரை தூக்கி குடிப்பாரு. நடுவுல என்ன நடந்துச்சுனு எவனும் சொல்ல மாட்டான்.

வாங்கினது அப்பாவுக்கு. கோயமுத்தூர் தான் நாங்க, பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டறது அவரோட வாழ்நாள் தொழில். மூளையில வலது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு, அதனால இடது கை இடது கால் போச்சு. பேச்சு முதல்ல குழறுச்சு, அது சீக்கிரம் தெளிவாயிருச்சு. கால் ஓரளவு வந்துருச்சு, கோல் புடிச்சு வாசல் வரைக்கும் நடக்கறாரு. கை தான் அசைவே இல்ல. இது நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகுதாம், மூளைக்கு போற நடு ரத்தக்குழாய்ல அடைப்பு வந்தா அது ரத்தம் குடுக்கற ஏரியாவுல தான் கைக்கும் முகத்துக்கும் உண்டான இடம் இருக்கு, காலுக்கு உண்டானது பெரும்பாலும் முன்பக்க குழாய் வழியா ரத்தம் வாங்குது, அதான் கால் வந்த பின்னாடியும் கை பின்தங்கிடுது. இது தெரியாம எங்க சொந்தக்காரங்க "கால் வந்துருச்சுல்ல, கைக்கு மட்டும் ஏன் சரியா பாக்காம விட்டீங்க"னு கேட்டுட்டே இருந்தாங்க. அவங்க சொன்ன வைத்தியம் எல்லாம் எழுதினா தனி போஸ்ட் வேணும், பச்சிலை எண்ணெய்ல ஆரம்பிச்சு புறா ரத்தம் தேய்க்கறது வரைக்கும் வந்துச்சு. எங்க அம்மா புறாவைப் பாவம்னு விட்டுட்டாங்க, அது தப்பிச்சுது.

ஆரம்பத்துல கை துணி மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறுக ஆரம்பிச்சு, முழங்கை மடங்கி, விரல் எல்லாம் உள்ள சுருண்டு, கட்டை விரல் உள்ளங்கைக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. எங்களுக்கு பயமா போச்சு, மோசமாகுதோன்னு. பிசியோ பொண்ணு தான் சொல்லுச்சு, ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் கை திரும்பற வழியில இந்த இறுக்கமும் ஒரு கட்டம், ப்ரன்ஸ்ட்ராம்னு ஒரு அம்மா இதை ஸ்டேஜ் ஸ்டேஜா பிரிச்சு வெச்சிருக்காங்க, முதல்ல தளர்ச்சி, அப்புறம் இறுக்கம், அப்புறம் மொத்த கையும் ஒண்ணா இழுக்கற மாதிரி அசைவு, அதுக்கப்புறம் தான் தனித்தனி விரல் அசைவு. எல்லாரும் கடைசி வரைக்கும் போவாங்கனு இல்ல, நடுவுலயே நின்னுடறவங்களும் உண்டு. அப்பாவோட விரல் இறுக்கத்துக்கு ஃபைல்ல எம்ஏஎஸ் 2னு எழுதியிருந்தாங்க. அது ஆஷ்வொர்த் ஸ்கேல், 0ல இருந்து 4 வரைக்கும் போகும், 0னா இறுக்கம் இல்ல, 4னா அசைக்கவே முடியாத அளவுக்கு கட்டை. நீங்க இந்த மெஷின் வாங்கற ஐடியால இருந்தா முதல்ல உங்க பிசியோகிட்ட இந்த நம்பரைக் கேளுங்க, மெஷின் ஒத்து வருமா வராதானு பாதி அதுலயே தெரிஞ்சுடும்.

சரி மெஷினுக்கு வரேன். பெட்டியில என்ன இருக்குன்னா, டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு சின்ன பம்ப், அதுல பட்டன், ஒரு குட்டி ஸ்க்ரீன். அதுல இருந்து ஒரு டியூப் போய் அஞ்சா பிரியுது, க்ளவுஸோட ஒவ்வொரு விரல் முதுகுலயும் மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் குழாய். காத்து உள்ள போனா குழாய் நீண்டு விரலை மடக்குது, காத்தை உறிஞ்சினா சுருங்கி விரலை நிமித்துது. அவ்ளோ தான் டெக்னாலஜி. ரோபோன்னு பேரு வெச்சுட்டாங்க. அப்பா கைல குடுத்ததும் வலது கையால திருப்பி திருப்பி பாத்துட்டு, காதுகிட்ட வெச்சு ஓட விட்டு கேட்டாரு, அப்புறம் சொன்னாரு, "கம்ப்ரசர் தான் கண்ணு இது, ஒரு வால்வு, ஒரு டயாஃப்ரம், இதுக்கா இவ்ளோ ரூவா குடுத்த?" எட்டாயிரத்து சொச்சம் குடுத்தேன். ஆன்லைன்ல நாலாயிரத்துல இருந்து இருபதாயிரத்துக்கு மேல வரைக்கும் கிடக்குது, போட்டோல எல்லாம் ஒரே அச்சு, ஸ்டிக்கர் மட்டும் தான் வேற.

இது போக நல்ல கைக்கு மாட்டற மாதிரி ஒயர் வெச்ச இன்னொரு மெல்லிசு க்ளவுஸ் வருது, ஒரு சார்ஜர், ஏதாவது ஒரு விரலுக்கு காத்து போகக்கூடாதுன்னா அடைக்கறதுக்கு சின்ன க்ளிப்புங்க. மேனுவல் ஒண்ணு இருக்கு, அதை படிக்கறதும் ஒண்ணு படிக்காததும் ஒண்ணு. சார்ஜ் நல்லாவே நிக்குது, சத்தம் இருக்கு ஆனா டிவி பாக்க தொந்தரவு இல்ல. டிவி பத்தி பின்னாடி ஒரு விஷயம் சொல்லணும்.

இப்ப எந்த விளம்பரத்துலயும் காட்டாத மேட்டர். மாட்டறது! இறுகி மூடின கையை க்ளவுஸுக்குள்ள எப்படி விடறது? விளம்பரத்துல வர்றவர் கை ஏற்கனவே தளர்வா இருக்கும், சர்ருனு உள்ள போயிடும். எங்க வீட்டுல முதல் நாள் நானும் அம்மாவும் ரெண்டு பக்கம் உட்கார்ந்து ஒரு விரலை உள்ள விட்டா இன்னொரு விரல் வெளிய வருது, அப்பாவுக்கு வலி, எங்களுக்கு வேர்வை, கடைசில மூணு பேரும் சிரிச்சுட்டோம். பிசியோ வந்து ஒரு ட்ரிக் சொல்லிக் குடுத்துச்சு, இது மெஷின் வாங்காதவங்களுக்கும் உபயோகப்படும், நகம் வெட்ட, உள்ளங்கை கழுவ எல்லாத்துக்கும். விரலைப் புடிச்சு நேரா இழுக்கக் கூடாது. முதல்ல மணிக்கட்டை மெதுவா உள்ளங்கை பக்கமா கீழ மடக்குங்க, அப்படி மடக்கினதும் விரலை மூடற தசைநார் தளர்ந்துடும், விரல் தானா கொஞ்சம் திறக்கும். அப்புறம் கட்டை விரலை நுனியில புடிக்காம அடிப்பக்கத்துல, அந்த சதை மேடு இருக்குல்ல, அங்க புடிச்சு வெளிய கொண்டு வாங்க. கட்டை விரல் வெளிய வந்துட்டா மத்ததெல்லாம் பின்னாடியே வரும். விரல் நீண்டதும் அப்படியே புடிச்சுட்டு மணிக்கட்டை மெதுவா நிமித்தணும். எல்லாமே மெதுவா. இந்த இறுக்கம் வேகத்தைப் பொறுத்தது, நிதானமா நீட்டினா விட்டுக் குடுக்கும், வெடுக்குனு இழுத்தா அந்த நிமிஷமே இன்னும் ஜாஸ்தி இறுகும், இந்த இறுக்கத்துக்கு ஸ்பாஸ்டிசிட்டினு பேரு, அதுக்கு டாக்டர்ங்க சொல்ற டெஃபினிஷனே அது தானாம்.

இங்க தான் மெஷினோட பெரிய குறை. ஸ்ட்ரென்த் லெவல் கூட்டலாம் குறைக்கலாம், ஆனா வேகத்தை தனியா குறைக்க நாங்க வாங்கினதுல வழி இல்ல. ஸ்ட்ரென்த்தை கூட்டினா விரலை பட்டுனு இழுக்குது, உடனே அப்பாவுக்கு முழங்கை வரைக்கும் மடங்கி தோள் மேல ஏறுது. குறைச்சா நடு விரலும் மோதிர விரலும் பாதி கூட நிமிரல, பம்புக்கு தெம்பு இல்ல. நடுவுல ஒரு லெவல் இருக்கு, அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பொறுமை போயிடும். ரொம்ப இறுக்கமான கைக்கு, 3 மாதிரினு வெச்சுக்கோங்க, இது சுத்தமா பத்தாது. தசை சுருங்கி மூட்டே ஃபிக்ஸ் ஆகிடுச்சுன்னா இதை மாட்டவே கூடாது.

நல்லதையும் சொல்லணும். கையை கையால தளர்த்தி விட்டு அப்புறம் மாட்டினா அரை மணி நேரம் சீரா ஓடுது. கழட்டினதும் விரல் நல்லா லூசா இருக்கும், அந்த நேரத்துல உள்ளங்கையை சோப்பு போட்டு கழுவி, துடைச்சு, பவுடர் போட்டு, நகம் வெட்டிடுவோம். இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, மூடியே இருக்கற கைக்குள்ள வேர்வை நின்னு புண்ணாகி நாத்தம் வரும், நகம் உள்ள குத்தும், பாத்தவங்களுக்கு தான் தெரியும். அந்த ஒரு விஷயத்துக்கே அம்மா இதுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பாங்க. ஆனா அந்த லூசு நிரந்தரம் இல்ல, கொஞ்ச நேரத்துல மறுபடி மடங்க ஆரம்பிச்சுடும், ராத்திரிக்கு விரலை நீட்டியே வெக்கற ஸ்ப்ளின்ட் பட்டை தனியா போடறோம்.

மோடு பத்தி. ஒண்ணு ஆட்டோ, அதுவா எல்லா விரலையும் மூடித் திறக்கும். இன்னொண்ணு ஒவ்வொரு விரலா செய்யும். மூணாவது மிரர் மோடு, நல்ல கைக்கு ஒயர் க்ளவுஸ் மாட்டிக்கிட்டு அந்தக் கையை மூடினா இந்தக் கையும் மூடும், திறந்தா திறக்கும். விளம்பரத்துல பெருசா காட்டறது இதைத் தான். முதல் தடவை பாக்க ஆச்சரியமா தான் இருக்கு. அப்பா ரெண்டு தடவை மூடித் திறந்து பாத்துட்டு கேட்டாரு, "சோத்துக் கைய மூடினா இது மூடுது, செரி. இதுல என்ற இடது கைக்கு என்ன வேலை?" பிசியோவுக்கே சிரிப்பு வந்துருச்சு, ஐயா கரெக்டா புடிச்சுட்டீங்கன்னு சொல்லுச்சு.

மிரர்னு பேரு வந்ததுக்கு பின்னாடி நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்காரு, வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்சவரு. கை போனவங்களுக்கு இல்லாத கையில வலிக்கும் பாருங்க, அதுக்கு 1990கள்ல அவர் கண்ணாடிப் பெட்டி வெச்சு வைத்தியம் பண்ணாரு, நல்ல கையோட பிம்பம் இல்லாத கை இருக்கற இடத்துல தெரியற மாதிரி. 1999ல அதே கண்ணாடியை ஸ்ட்ரோக் கைக்கு போட்டுப் பாத்த ஒரு சின்ன ஆராய்ச்சி லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, அதுலயும் அவர் இருந்தாரு. அதுக்கப்புறம் உலகம் பூரா எத்தனையோ பேர் செஞ்சு பாத்து, மொத்தத்தையும் தொகுத்த காக்ரேன் ரிவ்யூலயும் கை அசைவுக்கு இது ஓரளவு உதவுதுனு தான் வந்திருக்கு. அதுக்கு இந்த மெஷின் எதுக்குங்க? ஒரு கண்ணாடி போதும். எங்க வீட்டுல பழைய பீரோ கண்ணாடியை தம்பி கழட்டி ரெண்டு மரக்கட்டைல நிக்க வெச்சுட்டான், டேபிள் நடுவுல நிறுத்தி, இடது கை கண்ணாடிக்கு பின்னாடி மறைஞ்சுடும், வலது கை முன்னாடி. வலது கையை மெதுவா திறந்து மூடினா பாக்கறதுக்கு இடது கையே திறந்து மூடற மாதிரி தெரியும். பாத்துட்டே பின்னாடி இருக்கற கையையும் அதே மாதிரி செய்ய முயற்சி பண்ணணும், அந்த முயற்சி தான் முக்கியம். செலவு ஓரம் குத்தாம இருக்க ஒட்டின டேப்புக்கு மட்டும். ஒரு எச்சரிக்கை, மோதிரம், வாட்ச் எல்லாம் நல்ல கையில இருந்து கழட்டிடுங்க, இல்லன்னா கண்ணாடில தெரியறது தன் இடது கை இல்லனு மூளைக்கு காட்டிக் குடுத்துடும்.

இப்ப டிவி விஷயம். அம்மா என்ன பண்ணாங்கன்னா சாயங்காலம் சீரியல் டைம்ல அப்பாவுக்கு மாட்டி விட்டு ஆட்டோல போட்டுடுவாங்க. அப்பா சீரியல் பாப்பாரு, கை பாட்டுக்கு திறந்து மூடிட்டு இருக்கும், அவருக்கு அது நெனப்பே இருக்காது. பிசியோ அதைப் பாத்துட்டு கொஞ்சம் கோவமாவே சொல்லுச்சு, அடுத்தவங்க ஓட்டற வண்டில பின்னாடி உட்கார்ந்து போனா வண்டி ஓட்ட வந்துடுமாங்க ஐயான்னு. மூட்டு இறுகாம இருக்க இது போதும், ஆனா மூளைக்கு புது வழி போடணும்னா அந்த அசைவை அவரே பண்ண முயற்சிக்கணும், தப்பாகணும், திருத்தணும், அது பல நூறு தடவை நடக்கணும். மெஷின் எல்லாத்தையும் தானே செஞ்சுட்டா மூளைக்கு கத்துக்க ஒண்ணும் மிச்சம் இல்ல.

இதுக்கு பெரிய அளவுல ஆதாரமே இருக்கு. இங்கிலாந்துல ராட்டுல்ஸ்னு ஒரு ட்ரையல், 2019ல லான்செட்ல வந்துச்சு, ஸ்ட்ரோக் வந்து கை பலவீனமான 770 பேர். நம்ம பொம்மை க்ளவுஸ் இல்லங்க, எம்ஐடி மேனஸ்னு லட்சக்கணக்குல விலை போற நெஜ ரோபோ, ஆள் முயற்சி பண்ணினா அதுக்கு தேவையான அளவு மட்டும் உதவி பண்ற ரகம். வாரம் மூணு நாள், ஒரு தடவைக்கு 45 நிமிஷம், 12 வாரம். கடைசில பாத்தா வழக்கமான சிகிச்சை வாங்கினவங்களை விட கையோட உபயோகத்துல பெருசா வித்தியாசம் வரல. அந்த ரோபோவுக்கே அந்த கதின்னா எட்டாயிரம் ரூபா கம்ப்ரசர் மேல எவ்வளவு நம்பிக்கை வெக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ரோபோவே தண்டம்னு சொல்ல வரல, நம்ம வேலூர் சிஎம்சியும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து ப்ளூட்டோனு ஒரு சின்ன கை ரோபோ பண்ணியிருக்காங்க, அதுல பேஷன்ட் கையை அசைச்சா ஸ்க்ரீன்ல கேம் ஓடும், முயற்சி பண்ணாம சும்மா உட்கார்ந்திருக்க விடாது. ஐடியா அப்படி இருக்கணும்.

எதிர்ப்பக்கம் எது நல்லா வேலை செஞ்சிருக்குனு பாத்தா டெக்னாலஜியே இல்லாத ஒண்ணு. அமெரிக்காவுல எட்வர்ட் டாப்னு ஒருத்தர் கொண்டு வந்தது, நல்ல கையில ஒரு உறை மாட்டி அதை உபயோகிக்க விடாம பண்ணிட்டு, வராத கையாலயே எல்லா வேலையும் செய்ய வெக்கறது. எக்சைட்னு ஒரு ட்ரையல், 2006ல வந்துச்சு, 222 பேர், ரெண்டு வாரம், முழிச்சிருக்கற நேரத்துல 90 சதவீதம் நல்ல கையில உறை. வித்தியாசம் தெரிஞ்சுது, ஒரு வருஷம் கழிச்சும் நின்னுச்சு. அதுல சேர்ந்தவங்க ஸ்ட்ரோக் வந்து மூணுல இருந்து ஒன்பது மாசம் ஆனவங்க. வேகமா திரும்பறது முதல் மூணு மாசத்துல தான்னு சொல்றது உண்மை, ஆனா ஆறு மாசம் தாண்டிட்டா அவ்ளோ தான் விட்டுடுங்கன்னு சொல்றவங்க சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. ஒரே விஷயம், அந்த ட்ரையல்ல சேரவே மணிக்கட்டும் விரலும் குறைஞ்சது 10 டிகிரியாவது தானா நிமிரணும். அப்பாவுக்கு அப்போ அது இல்ல, அதனால எங்களுக்கு அந்த வழி அப்போதைக்கு மூடியிருந்துச்சு. அதனால தான் இந்த மாதிரி மெஷின் பக்கம் போனோம்.

பிசியோ சொன்ன மாதிரி உபயோகிச்சப்ப தான் மெஷினுக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு. டிவி ஆஃப். கையை டேபிள் மேல, கண்ணு கை மேல. முதல்ல அப்பா தானா விரலை திறக்க முயற்சி பண்ணணும், அசையலன்னாலும் பரவால்ல, கொஞ்ச நேரம் முயற்சி பண்ணினதுக்கு அப்புறம் தான் நாங்க பட்டனை அமுக்குவோம், அது விரிக்கும்போது அவரும் கூடவே விரிக்கணும். இப்படி பத்து நிமிஷம் பண்ணினாலே களைச்சுப் போயிடுவாரு, வெறும் ஆட்டோல ரெண்டு மணி நேரம் போட்டாலும் களைப்பே வராது, அதுல இருந்தே எது பயிற்சினு தெரிஞ்சுடும். கழட்டின உடனே கை லூசா இருக்கற அந்த நேரத்துல தான் நெஜ வேலை, துண்டை மடிக்கறது, எலுமிச்சம்பழத்தை பாத்திரத்துல இருந்து பாத்திரத்துக்கு மாத்தறது, தட்டு நகராம புடிச்சுக்கறது.

வாங்கி கொஞ்ச நாள்ல ஆள்காட்டி விரல் குழாய்ல காத்து லீக் ஆக ஆரம்பிச்சுது. வித்தவங்களுக்கு போன் போட்டா வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புங்கனாங்க, அனுப்பினா "க்ளவுஸுக்கு வாரன்ட்டி கிடையாது மேடம், மெஷினுக்கு மட்டும் தான்" அப்படின்னு பதில். ரிட்டர்னும் கிடையாது, உடம்புல மாட்டற பொருளாம். தனி க்ளவுஸ் வாங்கணும்னா மெஷின் விலையில மூணுல ஒரு பங்கு கேட்டாங்க. நான் சண்டை போட்டுட்டு இருக்கும்போது அப்பா "இங்க கொண்டா அம்மிணி"ன்னு வாங்கி, சோப்புத் தண்ணி தடவி எங்க முட்டை வருதுனு பாத்து, டியூப் குழாய்ல சேர்ற வாயில தான் விரிசல்னு கண்டுபிடிச்சாரு. நுனியை பிளேடால வெட்டணும், மறுபடி சொருகணும், மேல நூலை சுத்தி கட்டணும். ஒத்தைக் கையால எப்படி? வலது கையால இடது கையைத் தூக்கி க்ளவுஸ் மேல வெச்சு, அந்த மூடின முஷ்டியையே வெயிட்டா அமுக்கிப் புடிச்சுக்கிட்டு வெட்டினாரு. நூல் சுத்தும்போது ஒரு முனையை இடது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சொருகி வெச்சுக்கிட்டாரு, ரெண்டு தடவை நழுவிச்சு, கெட்ட வார்த்தை ஒண்ணு வந்துச்சு, மூணாவது தடவை நின்னுச்சு. காயில் கட்டின கை. அது நாங்க குடுத்த எந்த எக்சர்சைஸ்லயும் பாக்காத புடி. அம்மா பக்கத்துல நின்னு நான் புடிக்கறேன் நான் புடிக்கறேன்னு துடிச்சுட்டு இருந்தாங்க, நான் தான் அம்மா கையைப் புடிச்சு இழுத்துட்டேன். பிசியோகிட்ட சொன்னதும் அதையே ஹோம்வொர்க்கா மாத்திடுச்சு, இப்ப தம்பி ஒர்க்‌ஷாப்ல இருந்து ஒயர் சுத்தற பழைய பாபின் உருளையும் காப்பர் ஒயர் மிச்சமும் கொண்டு வந்து குடுத்துருக்கான், இடது கை புடிக்கணும், வலது கை சுத்தணும். க்ளவுஸை விட அதுல தான் அவருக்கு இஷ்டம், நேரம் போறதே தெரியல. லீக் இன்னைக்கு வரைக்கும் வரல, அதையும் சொல்லணும்ல.

இப்ப கை எப்படி இருக்குன்னா, கட்டை விரல் உள்ளங்கைக்குள்ள போய் மாட்டறது குறைஞ்சிருக்கு, முயற்சி பண்ணா விரல் பாதி வரைக்கும் திறக்குது, துண்டு ஓரத்தைப் புடிச்சுக்க முடியுது. டம்ளர் எல்லாம் இன்னும் இல்ல. இதுல க்ளவுஸுக்கு எவ்வளவு பங்கு, பிசியோவுக்கு எவ்வளவு, பாபினுக்கு எவ்வளவுனு பிரிச்சு சொல்ல முடியாது, அப்படி யாராவது பிரிச்சு சொன்னா அவங்க ஏதோ விக்கறாங்கன்னு அர்த்தம்.

சில பேர் இதை தொடவே வேண்டாம், பட்டியல் மாதிரி போடாம சொல்லிடறேன். கையில உணர்ச்சியே இல்லாதவங்களுக்கு ரொம்ப கவனம், இறுக்கமா அமுக்கினாலும் அவங்களுக்கு தெரியாது, கழட்டினதும் தோல்ல சிவந்து தடம் இருக்கானு ஒவ்வொரு தடவையும் பாக்கணும். கை வீங்கியிருந்தா, தொட்டாலே வலிச்சா, எலும்பு முறிவு புதுசா இருந்தா டாக்டரைக் கேக்காம மாட்டாதீங்க. முக்கியமா தோள். கை அசைவு இல்லாதப்ப தோள் மூட்டைப் புடிச்சு வெச்சிருக்கற தசை தளர்ந்து எலும்பு கீழ இறங்கிடும், அந்த நேரத்துல பெட்ல இருந்து எழுப்ப அந்தக் கையைப் புடிச்சு இழுத்தீங்கன்னா தோள் வலி மாசக்கணக்குல நிக்கும். க்ளவுஸ் போட்டு உட்காரும்போது கை தொங்கக் கூடாது, முழங்கைக்கு கீழ தலையணை வெச்சு டேபிள் மேல இருக்கணும். இதை மேனுவல்ல எங்கயும் போடல, போட்டிருக்க வேண்டிய முதல் வரி அது.

இறுக்கம் ரொம்ப ஜாஸ்தின்னா மெஷினுக்கு போற காசை டாக்டர் கன்சல்ட்டேஷனுக்கு போடுங்க. பேக்ளோஃபென் மாத்திரை இருக்கு, சில பேருக்கு தூக்கம் தூக்கமா வரும். போடாக்ஸ் ஊசி இருக்கு, முகச் சுருக்கத்துக்கு நடிகைங்க போடறாங்கன்னு சொல்றாங்களே அதே தான், இறுகின தசையில போட்டா தளர்த்தும், சுமார் மூணு மாசம் நிக்கும், அந்த மூணு மாசத்துக்குள்ள பயிற்சி பண்ணி பலனை எடுத்துக்கணும். விலை கூட தான், ஆனா சரியான ஆளுக்கு சரியான நேரத்துல அது இந்த க்ளவுஸ் பத்து வாங்கறதை விட மேல்னு பிசியோவே சொல்லுச்சு.

காசே இல்லன்னா? மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சாங்களே, நிறைய பேர் அது பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கு குடுக்கறது மட்டும்னு நெனச்சுட்டு இருக்காங்க, அதுல வீட்டுக்கு வந்து பிசியோதெரபி குடுக்கறதும் சேர்த்தி, இலவசம். உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க. அடிக்கடி வர மாட்டாங்க, ஆனா வந்து சொல்லிக் குடுக்கறதை வீட்டு ஆளுங்க கத்துக்கிட்டா மீதி நாள் நாமளே பண்ணலாம். சென்னைனா கே.கே.நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கு. வேலூர் சிஎம்சிக்கு பாகாயத்துல மறுவாழ்வுக்குனே தனி இடம், 1966ல இருந்து நடக்குது, அதை ஆரம்பிச்ச டாக்டர் மேரி வர்கீஸே ஒரு விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டு வீல்சேர்ல உட்கார்ந்துகிட்டு ஆபரேஷன் பண்ணவங்க. அங்க போனா கைக்கு மட்டும் இல்லாம நடை, பேச்சு, பாத்ரூம் போறது, வீட்டுல எங்க கைப்பிடி வெக்கறதுனு எல்லாத்தையும் சேர்த்து பாப்பாங்க.

இன்னொண்ணு, ஆள் எதுலயும் ஒட்டாம சும்மா சுவத்தை பாத்துட்டு இருந்தா, எக்சர்சைஸ் பண்ண மாட்டேன்னு அடம் புடிச்சா, சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு டிப்ரெஷன் வருது, அதுக்கு மருந்து இருக்கு. எந்த மெஷின் வாங்கினாலும் ஆளுக்கு மனசு இல்லன்னா அது அலமாரில தான் கிடக்கும்.

கடைசியா வாங்கறதுன்னு முடிவே பண்ணிட்டவங்களுக்கு. இடது வலது தனித்தனி, ஆர்டர்ல சரியா பாருங்க. சைஸ் நல்ல கையை அளந்து சொல்லாதீங்க, வீக்கம் இருக்கற கை பெருசா இருக்கும், மாட்டப் போற கையையே அளங்க, ரெண்டு சைஸுக்கு நடுவுல வந்தா பெருசை எடுங்க, மாட்டறதே பாதி போராட்டம். மிரர் க்ளவுஸ் இல்லாத மாடல் விலை கம்மியா கிடைச்சா அதை எடுங்க, எங்க வீட்டுல அந்த ஒயர் க்ளவுஸ் பெட்டியோட பெட்டியா கிடக்குது. பணம் கட்டறதுக்கு முன்னாடி க்ளவுஸ் மட்டும் தனியா என்ன விலை, குழாய் போச்சுன்னா யார் மாத்திக் குடுப்பாங்க, ரெண்டையும் வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிடுங்க. போன்ல சொல்றதெல்லாம் செல்லாது.